அதிர்ஷ்டத்துக்கு இடம் விட்டுத் திட்டமிடுவது எப்படி?

காரியம் கைகூடினால் "திட்டம் பக்கா" என்கிறோம். கெட்டுப்போனால் "நேரம் சரியில்லை" என்கிறோம். இரண்டையும் முடிவு தெரிந்த பிறகு சொல்வதில்தான் கோளாறு. பாலில் தண்ணீர் கலந்த பிறகு எது எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதிர்ஷ்டத்தின் பங்கையும் நம் பங்கையும் பிரித்து வைக்க வேண்டிய நேரம், வேலையைத் தொடங்குவதற்கு முன்பு. அதற்கு ஒரு நோட்டும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

இங்கே அதிர்ஷ்டம் என்று சொல்வது உங்கள் கைக்கு எட்டாத, முன்கூட்டித் தெரியாத, ஆனால் முடிவை மாற்றக்கூடிய எல்லாவற்றையும்தான். நேர்காணல் எடுப்பவருக்கு அன்று தலைவலியா, உங்கள் விண்ணப்பம் கட்டின் மேலே இருந்ததா அடியிலா, நீங்கள் கடை திறந்த வாரம் மழை கொட்டியதா என்பதெல்லாம் அதில் சேரும். இவற்றைத் திட்டமிட முடியாது. ஆனால் இவை வந்து மோதும்போது எத்தனை முறை தாங்குவீர்கள், ஒவ்வொரு முறையும் எவ்வளவு இழப்பீர்கள் என்பதைத் திட்டமிடலாம்.

முதலில் அளவு பாருங்கள்

கையில் உள்ள காரியத்தில் அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு பங்கு என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை உண்டு: வேண்டுமென்றே தோற்க முடியுமா? சதுரங்கத்தில் பத்து நகர்த்தலில் தோற்றுக் காட்டலாம். லாட்டரிச் சீட்டு வாங்கிய பிறகு வேண்டுமென்றே தோற்க வழியே இல்லை. முழுக்கத் தோற்க முடிகிற விஷயத்தில் திறமைக்குப் பெரும் பங்கு. தோற்கவே வழியில்லாத விஷயத்தில் எல்லாம் குருட்டு யோகம். வாழ்க்கையில் நாம் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை நடுவில் நிற்கும். ஒரு வேலை விண்ணப்பத்தை வேண்டுமென்றே சொதப்பலாம். ஆனால் நன்றாக எழுதியதாலேயே வேலை கிடைத்துவிடாது.

இரண்டாவது சோதனை, திரும்பச் செய்தால் அதே ஆட்கள் மேலே வருகிறார்களா என்று பார்ப்பது. சென்ற ஆண்டின் முதல் பத்துப் பேரில் இந்த ஆண்டும் எட்டுப் பேர் இருந்தால் அது திறமையின் களம். ஒருவரோ இருவரோதான் மிஞ்சினார்கள் என்றால், அந்தக் களத்தில் வென்றவர்களின் வழிமுறையைக் கேட்டுக் குறிப்பெடுப்பதில் பயன் குறைவு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைக் காக்கையிடமே கேட்பது போல அது.

2006-இல் வெளியான ஒரு சோதனை இதை அழகாகக் காட்டியது. மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவரும் அறியப்படாத 48 பாடல்களை இணையத்தில் வைத்து 14,000-க்கும் மேற்பட்டோரைக் கேட்கச் செய்தார்கள். கேட்டவர்களில் பலரைத் தனித்தனி எட்டு 'உலகங்களாக'ப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாடல் எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்பதை மட்டும் காட்டினார்கள். அதே 48 பாடல்கள்தான், ஆனால் ஒவ்வோர் உலகத்திலும் வரிசை வேறு. மிக நல்ல பாடல் கடைசிக்குப் போவதும், மிக மோசமானது உச்சிக்கு வருவதும் அரிதாக இருந்தன. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்ற நிலை. அதாவது தரம் ஓர் எல்லை வரை காப்பாற்றும். அதற்கு மேல் முதலில் யார் காதில் விழுந்தது என்பதே தீர்மானிக்கும்.

அளவு தெரிந்தால் என்ன லாபம்? உழைப்பை எங்கே கொட்டுவது என்று தெரியும். திறமை மிகுந்த களத்தில் பயிற்சியைத் திட்டமிடுங்கள். அதிர்ஷ்டம் மிகுந்த களத்தில் முயற்சிகளின் எண்ணிக்கையையும் ஒவ்வொன்றிலும் போடும் அளவையும் திட்டமிடுங்கள். பலர் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரே போட்டிக்கு ஒரே கதையை மூன்று ஆண்டு செதுக்குவார்கள். ஆனால் தினமும் செய்ய வேண்டிய பயிற்சியை "பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவார்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு பக்கம்

பெரிய முடிவு ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. எழுத வேண்டியவை:

1. என்ன முடிவு, ஒரே வாக்கியத்தில். தேதி.
2. எவற்றைத் தள்ளிவிட்டு இதை எடுத்தீர்கள். குறைந்தது இரண்டு மாற்று வழிகளாவது இருக்க வேண்டும். இரண்டு கூட எழுத வரவில்லை என்றால் நீங்கள் இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை, இழுத்த இழுப்புக்குப் போகிறீர்கள்.
3. என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள், எந்தத் தேதிக்குள், எத்தனை சதவீதம் நிச்சயம்.
4. உங்கள் கையில் இல்லாதவை, மூன்று.
5. எந்த எண்ணைத் தொட்டால் அல்லது எந்தத் தேதி வந்தால் நிறுத்துவீர்கள்.
6. எழுதும்போது உங்கள் நிலை: தூக்கம் போதவில்லை, கோபம், அவசரம், யாரோ நெருக்குகிறார்கள், எதுவானாலும்.

மூன்றாவது வரியில்தான் எல்லோரும் நழுவுகிறார்கள். "நல்லா வரும்", "கிட்டத்தட்ட உறுதி" என்று எழுதுவார்கள். "கிட்டத்தட்ட உறுதி" என்பது ஒருவருக்கு 60, இன்னொருவருக்கு 95. பின்னால் எந்த முடிவு வந்தாலும் அந்தச் சொல் வளைந்து கொடுக்கும். எண் வளையாது. "ஆறு மாதத்துக்குள் மாதம் பத்து வாடிக்கையாளர், 70%" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்துத் தப்பிக்க வழியில்லை.

ஒரு எண் தவறினால் கலங்க வேண்டாம். 70% என்று எழுதியது நடக்காமல் போவது பத்தில் மூன்று முறை இயல்பு. இருபது முப்பது பக்கங்கள் சேர்ந்த பிறகு 70% என்று எழுதியவற்றை மட்டும் தனியே எண்ணுங்கள். பத்தில் 5 முதல் 9 வரை நடந்திருந்தால் அதெல்லாம் தற்செயல் ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கும். ஆனால் 90% என்று எழுதிய பத்தில் 6 மட்டுமே நடந்திருந்தால் அதை நேரத்தின் மேல் போட முடியாது. உண்மையிலேயே 90% மதிப்புள்ள கணிப்புகளாக இருந்திருந்தால் இவ்வளவு மோசமாகப் போவதற்கு வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். உங்கள் தன்னம்பிக்கையின் அளவுகோல் கோணல். இனி 90 என்று கை எழுதப் போகும்போது 65 என்று போடுங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

நான்காவது வரி எழுத வராதபோது, உளவியலாளர் கேரி கிளைன் பரப்பிய ஒரு முறை கைகொடுக்கும். ஓராண்டு கடந்துவிட்டது, திட்டம் படுதோல்வி என்று நடந்து முடிந்ததாகவே வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று பத்து நிமிடம் எழுதுவது. "என்ன தவறு நடக்கலாம்?" என்று கேட்டால் மனம் திட்டத்துக்கு வக்காலத்து வாங்கும். "தோற்றாகிவிட்டது, ஏன்?" என்று கேட்டால் அதே மனம் காரணங்களைக் கொட்டும். குழுவாகச் செய்தால் ஒவ்வொருவரும் தனியே எழுதிய பிறகே வாய்விட்டுப் பேச வேண்டும். இல்லையென்றால் முதலில் பேசியவர் சொன்னதையே மற்றவர்களும் வழிமொழிவார்கள்.

எத்தனை முறை முயல்வது

ஒரு முயற்சி பலிக்க 5% வாய்ப்பு என்று வையுங்கள். 20 முறை முயன்றால்? இருபதை ஐந்தால் பெருக்கி 100% என்று மனக்கணக்குப் போடுபவர்கள் நிறைய. சரியான கணக்கு, தோற்கும் வாய்ப்பைப் பெருக்குவது. 0.95-ஐ இருபது முறை பெருக்கினால் 0.36 வரும். அத்தனை முறையும் தோற்கும் வாய்ப்பு அது. ஆக ஒரு முறையாவது பலிக்கும் வாய்ப்பு 64%. பாதிக்கு மேல் வர 14 முயற்சி வேண்டும். 90% வர 45.

முயற்சியின் தரத்தைக் கூட்டி வாய்ப்பை 10% ஆக்கினால் 90% தொட 22 முயற்சி போதும். ஏறக்குறையப் பாதி. இதிலிருந்து ஒரு நடைமுறை விதி வருகிறது: வாய்ப்பை இரட்டிப்பாக்கச் செலவாகும் கூடுதல் நேரம், ஒரு முயற்சிக்கு ஆகும் நேரத்தை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கவில்லை என்றால் மெருகேற்றுங்கள். அதற்கு மேல் ஆகிறது என்றால் மெருகை நிறுத்திவிட்டு எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரம் செலவிட்டவர், அதை நான்கு மணி நேரமாக்கி வாய்ப்பை 5-லிருந்து 10% ஆக்கினால் அவர் நஷ்டத்தில் இருக்கிறார்.

இந்தக் கணக்கு எங்கே உடையும் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒவ்வொரு முயற்சியும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது அடிப்படை. உங்கள் விண்ணப்பத்தில் தொலைபேசி எண் தவறாக இருந்தால் 45 அனுப்பினாலும் அது ஒரே தோல்வியின் 45 நகல்கள். அதனால் மொத்தமாக அனுப்பாமல் எட்டு, பத்தாகப் பிரித்து அனுப்புங்கள். ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் நிறுத்தி, ஏதாவது ஒன்றை மாற்றி, அடுத்ததை அனுப்புங்கள். ஒரே தவணையில் ஐந்தை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

எப்போது கைவிடுவது? தொடர்ந்து தோல்வி மட்டுமே கண்டிருந்தால் 3-ஐ முயற்சிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். புள்ளியியலில் பழக்கத்தில் உள்ள குறுக்குவழி இது. 30 முயற்சி, ஒன்றும் பலிக்கவில்லை என்றால் 3/30: உண்மையான வாய்ப்பு 10%-க்குக் கீழே என்று 95% நம்பிக்கையோடு சொல்லலாம். 60 முறை தோற்றால் 5%-க்குக் கீழே. 30-க்குப் பிறகும் "எனக்கு 20% வாய்ப்பு உண்டு, நேரம்தான் கூடவில்லை" என்று சொல்பவரிடம் கணக்கு ஒத்துப்போகாது. முயற்சியை நிறுத்த வேண்டும் என்பதில்லை. முயலும் விதத்தை மாற்ற வேண்டும்.

இதே பெருக்கல் எதிர்ப்பக்கமும் வெட்டும். ஒரு திட்டத்தில் ஏழு படிகள், ஒவ்வொன்றும் 90% சரியாக நடக்கும் என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. 0.9-ஐ ஏழு முறை பெருக்குங்கள்: 0.48. ஏழும் ஒழுங்காக நடந்து முடிவது பாதிக்கும் குறைவான வாய்ப்பு. அதிர்ஷ்டம் கெட்டுவிட்டது என்று நாம் சொல்லும் பல திட்டங்களில் நடந்தது இதுதான், படிகள் அதிகம். தேவையற்ற இரண்டு படிகளைத் தூக்கினால் 59% ஆகும். ஒரு படியை மெருகேற்றுவதைவிட ஒரு படியை ஒழிப்பது பெரும்பாலும் சுலபம்.

நாள் கணக்கு

1994-இல் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகியோர், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் 34 நாள். எல்லாமே மோசமாகப் போனால்? 49 நாள். உண்மையில் ஆனது சராசரியாக 55 நாள். மோசமான நிலைக்கான கணிப்பையும் தாண்டிவிட்டது. பெரிய ஆட்களும் இதற்கு விலக்கில்லை. சிட்னி ஒபேரா ஹவுஸ் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் 1963-இல் முடியும் என்று 1957-இல் போட்ட கணக்கு. திறந்தது 1973-இல், செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர்.

காரணம் சோம்பல் இல்லை. நாம் கணக்குப் போடும்போது இந்த வேலையின் படிகளை மட்டும் கற்பனை செய்கிறோம். காய்ச்சல், மின்தடை, இன்னொருவரின் தாமதம் ஆகியவற்றில் எது வரும் என்று தெரியாததால் ஒன்றையும் சேர்ப்பதில்லை. ஆனால் ஏதோ ஒன்று வரும் என்பது ஏறக்குறைய நிச்சயம்.

மருந்து, உங்கள் பழைய கணக்கு. இதே மாதிரி வேலைகள் கடைசியாகச் செய்த ஐந்தை எடுங்கள். எத்தனை நாள் என்று சொன்னீர்கள், எத்தனை நாள் ஆனது என்று எழுதி, ஆனதைச் சொன்னதால் வகுங்கள். ஐந்து எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். நடுவில் உள்ளது உங்கள் சொந்தப் பெருக்கல் எண். புதிய வேலைக்கு மனதில் தோன்றும் நாளை அதனால் பெருக்கினால் உங்களுக்கான கணக்கு. வெளியாருக்குச் சொல்லும் தேதிக்கு நான்காவது எண்ணால் பெருக்குங்கள். பதிவு எதுவும் இல்லையே என்றால் போனில் பழைய செய்திகளைத் தேடுங்கள்: "வெள்ளிக்கிழமை தந்துவிடுகிறேன்" என்று எழுதிய தேதியும், கோப்பை அனுப்பிய தேதியும் அங்கேதான் இருக்கும்.

கூடுதல் நாள்களை எங்கே வைப்பது என்பது இன்னொரு இடறல். ஒவ்வொரு படியிலும் இரண்டு நாள் என்று தூவினால் ஒவ்வொரு படியும் அதைத் தின்றுவிடும். கொடுத்த நேரம் முழுவதையும் நிரப்பும் அளவுக்கு வேலை விரியும் என்று 1955-இல் சிரில் நார்த்கோட் பார்க்கின்சன் எழுதியது நகைச்சுவையாக. நடப்பது அதுவே. படிகளுக்கு இறுக்கமான நாள் கொடுத்து, கூடுதல் நாள்கள் எல்லாவற்றையும் ஒரே கட்டாக இறுதியில் வையுங்கள். வேலையில் பாதி முடியும் முன்பே அந்தக் கட்டில் பாதி கரைந்திருந்தால் அன்றே தேதியைத் திருத்திச் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் சொல்வதைவிட அது நல்லது.

இடைவெளி விடுவது நாளில் மட்டும் இல்லை. 1911-இல் தென் துருவத்துக்குப் போன இரு குழுக்களை எடுங்கள். நார்வேயின் அமுண்ட்சன் உணவுக் கிடங்குகளைக் கண்டுபிடிக்க, பாதைக்குக் குறுக்காக இருபுறமும் கிலோமீட்டர் கணக்கில் கொடிகளை நட்டு வைத்தார். பனிமூட்டத்தில் வழி சற்றே விலகினாலும் ஏதாவது ஒரு கொடி கண்ணில் படும். பிரிட்டனின் ஸ்காட் தலைமையிலான குழு தன் முக்கியக் கிடங்கை 80 பாகைத் தெற்கில் வைக்க நினைத்து, குதிரைகள் தளர்ந்ததால் 50 கிலோமீட்டருக்கும் மேல் முன்னதாகவே வைத்துவிட்டுத் திரும்பியது. 1912 மார்ச்சில் திரும்பி வரும் வழியில் கடுங்குளிரும் பனிப்புயலும் பிடித்துக்கொண்டன. கடைசி மூவரும் உயிர் விட்ட கூடாரம் அந்தக் கிடங்கிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில். புயல் அதிர்ஷ்டக் கேடுதான், மறுக்க வேண்டாம். ஆனால் நினைத்த இடத்தில் கிடங்கு இருந்திருந்தால் அந்தப் புயல் தாக்கும்போது அவர்கள் அதைக் கடந்திருப்பார்கள். உங்கள் திட்டத்தில் எந்த இடத்தில் 'குறி தவறினால் அவ்வளவுதான்' என்ற நிலை இருக்கிறதோ, கூடுதல் கொடிகள் அங்கே வேண்டும். மற்ற இடங்களில் சிக்கனம் பிடிக்கலாம்.

எவ்வளவை வைத்து ஆடுவது

ஒரு நாணயம் சுண்டுகிறோம். தலை விழுந்தால் போட்டது 50% கூடும், பூ விழுந்தால் 40% குறையும். சராசரி பார்த்தால் ஆடுபவருக்குச் சாதகம்: 100 ஒரு சுண்டலில் சராசரியாக 105 ஆகும். ஒவ்வொரு முறையும் கையில் உள்ள அத்தனையையும் வைத்து இருபது முறை ஆடினால்?

பலர் ஆடினால் எல்லோருடைய சராசரி 265. கேட்கவே இனிக்கிறது. ஆனால் பத்து தலை, பத்து பூ என்று வழக்கம் போல் விழுந்த ஒருவர் கையில் இருப்பது 35. ஒரு ஏற்றமும் ஓர் இறக்கமும் சேர்ந்தால் 1.5 × 0.6 = 0.9, ஒவ்வொரு ஜோடிக்கும் பத்தில் ஒரு பங்கு போகிறது. சராசரியைத் தூக்கி நிறுத்துவது தொடர்ந்து தலை விழுந்த சிலர் மட்டும்.

இப்போது ஒவ்வொரு முறையும் கையில் உள்ளதில் கால் பங்கை மட்டும் வையுங்கள். ஏறினால் 12.5% கூடும், இறங்கினால் 10% குறையும். 1.125 × 0.9 = 1.0125. அதே இருபது சுண்டல், அதே பத்துக்குப் பத்து, கையில் 113. நாணயமும் மாறவில்லை, அதிர்ஷ்டமும் மாறவில்லை. வைத்த அளவு மட்டும் மாறியது. எவ்வளவு பங்கு வைப்பது சரி என்பதற்கான சூத்திரத்தை 1956-இல் ஜான் கெல்லி என்ற ஆய்வாளர் எழுதினார். அவர் கணக்குப்படி இந்த விளையாட்டுக்குக் கால் பங்குதான் உச்சம். வாழ்க்கையில் வாய்ப்புகளின் அளவு இவ்வளவு துல்லியமாகத் தெரியாது என்பதால், விவரம் தெரிந்தவர்கள் சூத்திரம் சொல்வதில் பாதியைத்தான் வைப்பார்கள்.

இழப்பு ஏன் இவ்வளவு கனக்கிறது என்றால், மீள்வது இழப்பைவிடப் பெரியது. 10% போனால் பழைய நிலைக்கு வர 11% ஏற வேண்டும். 20% போனால் 25%. பாதி போனால் முழுதாக ஒரு மடங்கு. முழுதும் போனால் அடுத்த சுண்டலில் கலந்துகொள்ளவே முடியாது, நல்ல காலம் வாசலில் நின்றாலும்.

அதனால் எந்த முடிவிலும் கேட்க வேண்டியவை இரண்டு. இது முழுக்கத் தவறினால் அடுத்த முயற்சிக்கு நான் இருப்பேனா? இதைத் துண்டுகளாகப் பிரித்துச் செய்ய முடியுமா? வேலையை விட்டுத் தொழில் தொடங்கும் எண்ணம் இருந்தால், முதலில் வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி ஆறு மாதம் செய்வது ஒரு துண்டு. விடத்தான் வேண்டும் என்றால், வருமானம் வர எத்தனை மாதம் என்று நினைக்கிறீர்களோ அதை மேலே கண்ட உங்கள் சொந்தப் பெருக்கல் எண்ணால் பெருக்கி, அத்தனை மாதச் செலவைத் தனியே எடுத்து வையுங்கள். 6 மாதம் என்று தோன்றி, உங்கள் எண் 1.6 என்றால் 10 மாதம். துண்டு போட முடியாதவையும் உண்டு: உடம்பு, நற்பெயர், சில உறவுகள். அவற்றைப் பந்தயத்தில் வைக்கும் திட்டத்துக்கு எந்தச் சதவீதமும் போதாது.

காப்பீட்டுக்கும் இதே அளவுகோல்தான். உங்களை ஆட்டத்திலிருந்தே வெளியேற்றும் இழப்புக்குக் காப்பீடு எடுங்கள். ஒரு மாதச் சம்பளத்தில் சமாளிக்கக்கூடிய பொருள்களுக்கு எடுப்பது வீண்.

தற்செயலுக்கு வழி திறந்து வைப்பது

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தெரிந்தவர்கள் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், தகவல் தந்தவரை அந்தக் காலத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள் என்று விசாரித்தார். அடிக்கடி என்றவர்கள் 17% பேர்தான். எப்போதாவது என்றவர்கள் 56%; அரிதாக என்றவர்கள் 28%. காரணம் எளிது. நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரியும். தூரத்துப் பழக்கம்தான் வேறு உலகத்துச் செய்தி கொண்டுவரும்.

இதைச் செயலாக்க: ஓராண்டுக்கு மேல் பேசாத, ஆனால் பார்த்தால் சிரித்துப் பேசக்கூடிய இருபது பேரைப் பட்டியலிடுங்கள். வாரத்துக்கு இருவருக்கு நான்கைந்து வரியில் ஒரு செய்தி. அதில் நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதும், பதில் சொல்ல இரண்டு நிமிடம் மட்டும் ஆகக்கூடிய ஒரு கேள்வியும் இருக்க வேண்டும். "ஏதாவது வாய்ப்பு இருந்தால் சொல்லுங்கள்" என்பது கேள்வியே இல்லை; யாரும் பதில் போட மாட்டார்கள். "உங்கள் துறையில் ஆள் எடுப்பது எந்த மாதங்களில்?" என்பது கேள்வி. பத்து வாரத்தில் பட்டியல் முடியும். பதில் வந்தவர்களுக்கு, அவர்கள் சொன்னதை வைத்து என்ன செய்தீர்கள் என்று ஒரு மாதத்தில் எழுதிச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் விட்டுவிடும் படி இது. இரண்டாவது உதவி வருவது இதனால்தான்.

வந்த அதிர்ஷ்டத்தை எடுத்துக்கொள்ளவும் ஆளும் நேரமும் வேண்டும். 1928-இல் அலெக்சாண்டர் பிளெமிங் பாக்டீரியா வளர்த்த ஆய்வுத் தட்டில் பூஞ்சை வந்து விழுந்தது தற்செயல். அதைக் கழுவிக் கொட்டாமல் கவனித்தது அவருடைய பழக்கம். ஆனால் அந்தத் தற்செயல் மருந்தாக மாறவில்லை. பத்தாண்டு கழித்து ஆக்ஸ்போர்டில் ஹோவர்டு ஃப்ளோரியும் எர்ன்ஸ்ட் செயினும் தங்கள் குழுவோடு, அந்தப் பூஞ்சை சுரக்கும் பெனிசிலினைப் பிரித்தெடுக்கும் வேலையைத் திட்டமிட்டுத் தொடங்கிய பிறகே அது நோயாளிகளுக்குப் போனது. 1945-இல் நோபல் பரிசு மூவருக்கும். வாரத்தில் இரண்டு மணி நேரமாவது எதற்கும் ஒதுக்காமல் வைத்திருங்கள். எதிர்பாராமல் வரும் அழைப்பு, அழைத்தவரிடம் திரும்பப் பேச நேரமில்லாததால்தான் பாதி வீணாகிறது.

முடிவு வந்த பிறகு

எழுதி வைத்த தேதி வந்ததும் பக்கத்தைத் திறங்கள். நடந்ததை எழுதும் முன், முடிவை மறைத்துக்கொண்டு முடிவெடுத்த விதத்துக்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள்: மாற்று வழிகளைப் பார்த்தீர்களா, கையில் இருந்த தகவலைப் பயன்படுத்தினீர்களா, வைத்த அளவு சரியா. பிறகே விளைவைப் பாருங்கள். நல்ல முடிவு, கெட்ட விளைவு என்றால் எதையும் மாற்றாதீர்கள்; அளவை மட்டும் சரிபாருங்கள். கெட்ட முடிவு, நல்ல விளைவு என்பதுதான் மிக ஆபத்தான வகை. கண்மூடிச் சாலையைக் கடந்து பிழைத்தவர் அதை ஒரு திறமையாக எண்ணத் தொடங்குவார்.

அசாதாரணமாக நல்லதோ கெட்டதோ வந்தால், அடுத்தது சராசரியை நோக்கி நகரும் என்றே எதிர்பாருங்கள். பிரான்சிஸ் கால்டன் 1886-இல் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை அளந்து இதைக் கண்டார். சராசரியைவிட உயரமான பெற்றோரின் பிள்ளைகளும் உயரமானவர்களே. ஆனால் சராசரியிலிருந்து பெற்றோர் விலகியிருந்த அளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் பிள்ளைகளிடம் இருந்தது. பின்னாளில் உளவியலாளர் டேனியல் கானமன் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களிடம் இதே விஷயத்தின் வேறு முகத்தைப் பார்த்தார். பாராட்டினால் பயிற்சி விமானிகள் அடுத்த முறை மோசமாக ஓட்டுகிறார்கள், திட்டினால் நன்றாக ஓட்டுகிறார்கள் என்று பயிற்சியாளர்கள் உறுதியாகச் சொன்னார்கள். மிக நன்றாக ஓட்டியதற்குப் பின் சற்றுக் குறைவதும், மிக மோசமாக ஓட்டியதற்குப் பின் சற்றுத் தேறுவதும் திட்டாவிட்டாலும் நடக்கும். ஒரு மோசமான மாதத்துக்குப் பிறகு நீங்கள் வாங்கிய புதிய செயலிக்கு, அடுத்த மாத முன்னேற்றத்தின் பெருமையைக் கொடுத்துவிடாதீர்கள். மூன்று மாதமாவது பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் பக்கம் ஒதுக்க வேண்டாம். ஒரு வாரத்தில் மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். அதற்கு நோட்டைத் திறப்பவர் ஒரு மாதத்தில் நோட்டையே விட்டுவிடுவார். மாதம் இரண்டு பக்கம் எழுதினால் தாராளம்.

பேனாவால் எழுதுங்கள், பழைய பக்கத்தைத் திருத்தாதீர்கள். 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் போகும் முன், என்ன நடக்கும் என்று பலரிடம் சதவீதத்தில் எழுதி வாங்கினார்கள் ஆய்வாளர்கள் பாரூக் ஃபிஷோஃபும் ரூத் பெய்த்தும். பயணம் முடிந்த பிறகு, அன்று என்ன எண் எழுதினீர்கள் என்று நினைவுபடுத்திச் சொல்லச் சொன்னார்கள். நடந்துவிட்டதாக அவர்கள் நம்பியவற்றுக்கு, அன்று எழுதியதைவிடக் கூடுதலான எண்களை "நினைவிலிருந்து" சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. பென்சிலில் எழுதியிருந்தால் அழித்துத் திருத்தியும் இருப்பார்கள், சரியாக்குகிறோம் என்ற நம்பிக்கையோடு.